பொய்ப் பச்சை

சொல்லித்தான் தொலைக்கணும். சொல்லாமலும் தொலைக்கலாம். உலகம்மாள் வயலில் நிற்கும் பிளாஸ்டிக் கூண்டுக்குள் குனிந்து நின்று, நெற்பயிரை இரண்டு பக்கமும் விலக்கி, நடுவில் நீட்டிக்கொண்டிருந்த இலை ஒன்றை விரல் நுனியில் பிடித்துக் காட்டினாள். ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் இந்துஜா அக்கா அதை மெஷினால் கவ்வினாள். துணி காயப்போடுகிற கிளிப்புக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும் அந்த மெஷின். இலை எவ்வளவு பச்சை என்று எண்ணில் சொல்லும். கவ்வினதும் கீச்சென்று ஒரு சத்தம். அக்கா எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் உலகுவுக்குத் தாங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சிரிப்பு, கண்ணெல்லாம் சுருங்கி, சின்னப்பிள்ளை மாதிரி. "இதப் பாரு கண்ணு, கரியமில கேஸுக்குள்ளார நின்னும் எப்படிப் பச்சை புடிச்சிருக்குன்னு! மூணு வருசம் உலகு. மூணு வருசமா இந்த ரகத்த நான் தூக்கிச் சுமந்திருக்கேன்." உம் என்றாள் உலகு. பச்சை இல்லக்கா, யூரியா. எங்கம்மா போட்ட யூரியா. வாய் வரைக்கும் வந்துவிட்டது, உதட்டுக்கு இந்தப்புறம் நின்று முழிக்கிறது, பஸ்ஸில் ஏறினவன் உள்ளே போகாமல் படியிலேயே நிற்கிற மாதிரி. போயேன் உள்ளே. இல்லை இறங்கித் தொலையேன். அடுத்த இலை. கீச்.

பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப்புறம் அம்மா களை பறித்துக்கொண்டிருந்தாள். சுவர் புழுங்கி வேர்த்திருந்ததால் அம்மா அம்மாவாகத் தெரியவில்லை, சிவப்புச் சேலை கரைந்த ஒரு கறையாகத் தெரிந்தாள். கறை குனிந்தது, நிமிர்ந்தது, களையைக் கரைக்கு எறிந்தது. "ஏட்டி, உள்ள நின்னு தூங்குதியா? மேடம், அவ தலைல ஒரு குட்டு வைங்க, அப்பந்தான் வேல செய்வா" என்றது. அக்கா சிரித்தாள், "ஏனுங்கம்மா, உங்க புள்ள நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள். "ஆமா, வீட்டுல வந்து பாருங்க, அந்த லெச்சணத்த." எப்படிப் பேச முடிகிறது இவளால், ஒன்றுமே நடக்காதது மாதிரி? ஒன்றும் நடக்கவில்லைதான் அவளைப் பொறுத்தவரை. அதுதான் எரிகிறது. திருடினவள் என்றால் முகத்தில் ஏதாவது தெரியும். இவள் புண்ணியம் செய்துவிட்டு வந்தவள் மாதிரி அல்லவா குனிந்து நிமிர்கிறாள். காலையில் வரப்பில் நடந்து வரும்போது, தூக்குவாளி ஆடிக்கொண்டு, முப்புடாதி என்கிற எங்கம்மா மகராசி எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். "அந்த மூணு கூண்டும் வெளுத்துப்போய், காய்ச்சக்காரப் பிள்ள மாதிரி நின்னுச்சுட்டி. பாக்கவே பொறுக்கல. போன வாரம் கூடையில கொஞ்சம் யூரியா மிச்சம் கெடந்துச்சா, கதவத் தூக்கி ஆளுக்கு ஒரு பிடி விட்டேன். இப்பப் பாரு, கருகருன்னு எப்பிடி நிக்குன்னு. பெத்தவளுக்குத் தெரியாதா பசி?" "நெல்லு உனக்கா பொறந்துச்சு?" "நட்டவளும் பெத்தவதான். போட்டி."

உரம் வீசுகிற ஆட்களுக்கு இது பழக்கம். கூடை அடியில் மிஞ்சினதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் செட்டில் கொட்டுவதில்லை. கரையில் நின்று வயலை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள், எந்த மூலை வெளுத்திருக்கிறதோ அந்த மூலைக்கு விட்டெறிந்துவிட்டுக் கையைக் கழுவுவார்கள். பந்தியில் கடைசி இலைக்குப் பாத்திரத்தை வழித்துப் போடுகிற மாதிரி. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஊரில் எந்த வயலிலும் அது தப்பில்லை. இந்த ஆறு கூண்டில் மட்டும் தப்பு. அதுவும் சாதாரணத் தப்பு இல்லை, கொலை. ஏனென்றால் இங்கே வெளுக்கிறதுதான் வேலையே. எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கத்தான் கூண்டு, குழாய், சிலிண்டர், இந்துஜா அக்கா, எல்லாம். மூன்று கூண்டில் ஊர்க்காற்று. மூன்று கூண்டில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு, இஸ்ஸென்று, நாள் பூரா, பாம்பு மூச்சு விடுகிற மாதிரி. உன் பேத்தி காலத்துல காத்து இப்படித்தான் இருக்கும் என்று முதல் நாளே அக்கா சொன்னாள். உலகு அன்றைக்கு இழுத்து ஒரு மூச்சு விட்டுப் பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. அதுதான் முதலில் பிடித்த கோபம். நாறியாவது தொலைக்கலாமே. பேத்தி காலத்தைக் கெடுக்கிற சனியன் ஒரு வாசம்கூட இல்லாமல், நல்ல பிள்ளையாட்டம் மூக்குக்குள் போய் வருகிறது.

அக்கா நல்லவள். அதுவும் ஒரு தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் மனசு ஈஸியாக இருந்திருக்கும், பேசாமல் இருந்துவிட்டுப் போயிருக்கலாம், நல்லா வேணும் என்று. இவள் வரப்பில் உட்கார்ந்து, அம்மா தூக்குவாளியிலிருந்தே கஞ்சி வாங்கிக் குடிக்கிறவள். உலகு என்னவென்று கேட்டால் தெரியாது என்று விரட்டாமல் சொல்கிறவள். செடி கரியத் தின்னுதான் வளருது கண்ணு, காத்துல கரி கூடுச்சுன்னா நல்லாத் தின்னு, நல்லா வளரும், தூர் வெடிக்கும், நெல்லும் கூடத்தான் காய்க்கும், ஊரே சந்தோசப்படும். ஆனா இலைல இருக்கிற சின்னச் சின்ன வாயெல்லாம் பாதி மூடிக்கும். தண்ணி இழுக்கிறது கொறையும். தண்ணியோட வேருக்கு வந்து சேர்ற தழைச்சத்தும், அதான் யூரியாவுல இருக்கிற நைட்ரஜன், அதுவும் கொறையும். வந்த தழைச்சத்தையும் புரதமா மாத்துறதுல சுணங்கும். ஆள் பெருத்திருப்பான், உள்ள சத்து இருக்காது. அப்போது உலகு கேட்டாள், "அப்ப அரிசி?" "அரிசியிலயும்தான். முட்டை, மீனு, பருப்புன்னு சாப்பிடறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சோத்தையே நம்பி இருக்கறவங்களுக்குத்தான்." சொல்லிவிட்டு அக்கா வேறு எங்கோ பார்த்தாள். உலகு வேறு எங்கும் பார்க்கவில்லை. கனியைத்தான் பார்த்தாள் மனசுக்குள். சண்முகக்கனி, கூடப்பிறந்தவள், மாசமாக இருக்கிறாள், தட்டு நிறையச் சோறு, மேலே ரசம், அப்புறம் மோர், அப்புறம் மறுபடியும் சோறு. நர்ஸ் வந்து கண் இமையை இழுத்துப் பார்த்து, ஏம்மா இப்படி வெளுத்துக் கெடக்க, முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு என்று சத்தம் போடுகிறாள். கனி தலையைத் தலையை ஆட்டுகிறாள். எல்லாரும் வெளுத்திருக்கிறவளைப் பார்த்துத்தான் சத்தம் போடுகிறார்கள். வெளுக்க வைத்தவனைப் பார்த்து ஒருத்தரும் இல்லை. வீடியோவில் கூட வருமே, மனிதர்களாகிய நாம் காற்றைக் கெடுத்துவிட்டோம் என்று, பின்னாலேயே சோகமாக ஒரு புல்லாங்குழல். நாமா? எங்கம்மா என்னத்தக் கொளுத்தினாள்? அடுப்பில் ரெண்டு உடைமரக் குச்சி. கடற்கரைப் பக்கம் கப்பல் கப்பலாக நிலக்கரியை இறக்கிக் கொளுத்துகிறானே, ஏஸி போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறானே, அவனும் எங்கம்மாவும் ஒரே நாம். பலனைப் பிரிக்கும்போது மட்டும் தனித்தனி.

கீச். அடுத்த இலை. முழங்கையில் சுள்ளென்றது. நெல் இலை ஓரம் ரம்பம், வேர்வை பட்டால் எரியும். எரியட்டும். கூண்டுக்குள் வெக்கை வேறு, மேலே திறந்திருந்தும் காற்று இறங்கவில்லை, சேறு கணுக்காலைச் சூடாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வேதியியல் லேப் இப்படித்தான் புழுங்கும். காற்றில் எழுபத்தெட்டு சதவீதம் நைட்ரஜன் என்று சார் போர்டில் எழுதினார். அவ்வளவு சும்மா கெடக்குன்னா எங்க ஊர்ல எதுக்கு சார் யூரியாவுக்குக் காலையில இருந்து வரிசையில நிக்காங்க என்று உலகு கேட்டாள். வகுப்பு சிரித்தது. செடி காத்துல இருந்து நேரா எடுக்க முடியாது, அது ஏன்னு பின்னாடி வரும், உக்காரு என்றார். பின்னாடி வரவே இல்லை. உலகும் பின்னாடி போகவில்லை. பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றுவிட்டாள். ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சோகக்கதை வேண்டும், அப்பா குடிகாரரா, கல்யாணம் பேசிட்டாங்களா, பீஸ் கட்ட முடியலையா. ஒரு மண்ணும் இல்லை. அப்பா ஓட்டலில் புரோட்டா போடுகிறார், குடிக்கிறதில்லை. யாரும் நிறுத்தவில்லை. அவளுக்கே சலித்துவிட்டது, நின்றாள். அம்மாதான் அழுதாள். நான் கைநாட்டு, நீயாவது படிச்சுக்கிட்டு இரின்னா கேக்கியா என்று மூக்கைச் சிந்தினாள். அப்புறம் அவளேதான் இந்த ஆராய்ச்சிப் பண்ணை மேனேஜரிடம் கெஞ்சி இங்கே சேர்த்தும் விட்டாள். அந்த மேனேஜரிடம்தான் இப்போது விஷயம் போகும். போனால் முடிந்தது. சோதனை வயலில் மடையை மாற்றித் திறந்துவிட்டார் என்று செல்லையா மாமாவை மறுநாளே இனி வேலை இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் மாமா பழைய ஆள், மேனேஜர் மகளுக்கு மொய்யெல்லாம் எழுதினவர். அம்மாவுக்கு இந்தப் பண்ணை போனால் வேறு என்ன தெரியும்? ஊரில் நடவு மெஷினில் நடக்கிறது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். குனிந்து நிமிர இடம் இருப்பது இந்தப் பண்ணையில் மட்டும்தான்.

அப்போ சொல்லாதே. வாயை மூடிக்கொண்டு இலையைப் பிடி. யாருக்கு என்ன நட்டம்? அக்காவுக்குச் சந்தோசம், அம்மாவுக்கு வேலை. அக்காவுக்கு மேலே இருக்கிற பெரிய சார் மதியத்துக்குள் ஜீப்பில் வருகிறார், கூண்டைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார், கரி கூடின காற்றிலும் வெளுக்காத நெல் என்பார், அக்கா முதுகில் தட்டுவார். அப்புறம்? அப்புறம் அந்த நெல் அடுத்த பண்ணைக்குப் போகும், பெரிய வயலுக்குப் போகும், பேர் வைப்பார்கள், மூட்டையில் போட்டோ போடுவார்கள். உலகு அந்த மூட்டையை மனசால் பிரித்துப் பார்த்தாள், உள்ளே அரிசி வெள்ளை வெளேரென்று, தடித் தடியாக, ஒன்றுமில்லாமல். ஏமாற்றுகிறோம் என்று அந்த அரிசிக்கே தெரியாது. கனி மாதிரி இன்னொருத்தி, ஒரு நம்பிக்கையில் தட்டு நிறையப் போட்டு, ரசம் ஊற்றி. அட, அதற்குள் ஆயிரம் பேர் ஆயிரம் தடவை சோதிப்பார்கள், அங்கே பிடிபட்டுவிடும், நீ என்ன உலகத்தையா தாங்குகிறாய்? பேர்தான் உலகம்மாள். பிடிபட்டால் அக்கா பொய்க்காரி ஆவாள். பிடிபடாவிட்டால் எல்லாருமே பொய்க்காரர்கள். சனியன், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு பிடி. ஒரு பிடி யூரியா எவ்வளவு இருக்கும்? உள்ளங்கையில் குளிரும், பல் கூசுகிற மாதிரி ஒரு குளிர், சீனி மாதிரி நழுவும். இவ்வளவுதான். ஏம்மா, ஏன் போட்டாய், வெளுத்திருந்தால் என்ன, கொஞ்சநாள் வெளுத்துத்தான் நிற்கட்டுமே, எல்லாவற்றுக்கும் உன் கையிலிருந்து ஒரு பிடி விழுந்தால்தானா? கனிக்கு ஒரு பிடி போடேன் பார்ப்போம். முடியாதுல்ல. அதனால்தானே நெல்லுக்குப் போட்டாய்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்மாவுக்காக வருத்தப்படுகிறேனாக்கும் என்று நினைத்ததுமே அதற்கும் ஒரு கோபம் வந்தது. "இலை கண்ணு, இலை. எங்க பாக்கற?" என்றாள் அக்கா. இது மூன்றாவது கேஸ் கூண்டு, இதுதான் கடைசி. அக்கா மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். "சார்கிட்ட இப்பவே சொல்லிடறேன். வர்ற வழியில கேட்டுட்டே வரட்டும்." கட்டைவிரல் எண்ணைத் தேடியது. அந்த விரலில் சேறு. நகத்தோரம் கிழிந்து, பிளாஸ்திரி சுற்றி, எங்கள் வீட்டு விரல் மாதிரியே இருந்தது.

"போன் போடாதீங்கக்கா."

"ஏன்?"

"அது பொய்ப் பச்சை. யூரியா விழுந்திருக்கு. மூணு கூண்டுலயும்."

அக்காவுக்குப் புரியவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து இறங்க மறந்து நின்றது. "யாருகிட்ட கேட்ட நீ? இங்க யாரு யூரியா போடறாங்க? நான்தானே அளந்து போட்டேன்..." பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் குனிந்து இலையைப் பார்த்தாள். அப்புறம் சேற்றைப் பார்த்தாள், அங்கே என்னவோ எழுதியிருக்கிற மாதிரி. "யாரு உலகு?" சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது. இவ்வளவு நேரம் உலகுவுக்குள் கத்திக்கொண்டிருந்ததெல்லாம் எங்கே போனது? எங்கம்மா. ரெண்டு வார்த்தைகூட இல்லை, ஒன்று. அது வரமாட்டேன் என்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்தப்புறம் சிவப்புக் கறை நிமிர்ந்து கிட்டே வந்தது, கதவைத் தூக்கியது, அம்மாவாகத் தலையை உள்ளே நீட்டியது. "நாந்தான் தாயி போட்டேன். கூடையில மிச்சம் கெடந்துச்சு. ஏன், பயிரு நல்லாத்தான நிக்கி?"

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்படியே வரப்புக் கல்லில் போய் உட்கார்ந்தாள், பேண்ட் நனைவது தெரியாமல். "அம்மா, அது பசியில வெளுக்கலைங்கம்மா. இந்தக் காத்துக்கு அது எவ்வளவு வெளுக்குதுன்னுதான் நான் பாத்துட்டிருந்தேன். வெளுக்க விடணும். அதுதான் வேலை." அம்மா அக்காவைப் பார்த்தாள், பயிரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வெளுக்க விடுகிற வேலை என்று ஒன்று இருக்கிறதா என்கிற மாதிரி. பிறகு மெதுவாக அவள் முகத்தில் ஏதோ ஒவ்வொன்றாக அணைந்தது. "அப்ப கெட்டுப்போச்சா?" "இந்தப் போகம் போச்சுங்கம்மா." "திரும்ப நடலாம்லா?" "நடலாம். அடுத்த வருசம்." அக்கா கண்ணைத் துடைத்தாள், சேறு கன்னத்தில் ஒட்டியது. "சார்கிட்ட நான் மறைக்க முடியாது. யாருன்னு கேப்பாங்க." "சொல்லுங்க" என்றாள் உலகு, யாரும் அவளைக் கேட்காமலே. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையை இலை கீறின இடத்தில் வேர்வை பட்ட மாதிரி உடம்பெல்லாம் உணர்ந்தாள்.

அம்மா மறுபடியும் களை பறிக்கப் போய்விட்டாள். கேட்டில் நிறுத்துகிற வரைக்கும் வேலை வேலைதான் அவளுக்கு. உலகு போய்ப் பக்கத்தில் குனிந்தாள். அம்மா ஒரு வரிசை தள்ளிப் போனாள். உலகு அந்த வரிசைக்குப் போனாள். "நெருங்காதட்டி. உண்மைய சொல்லிட்டல்ல, அதப் போய் வடிச்சுத் தின்னு." "நீ செஞ்சது தப்பும்மா." "தப்புன்னு எனக்கு எவ சொன்னா?" "எழுதிப் போட்டிருக்குல்லாம்மா, ஒவ்வொரு கூண்டு வாசல்லயும். உரம் போடாதே, உள்ளே வராதேன்னு, செவப்பு எழுத்துல, இவ்வளவு பெருசா." அம்மா பறித்த களையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. அவள் கத்தவில்லை. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "எனக்குப் படிக்கத் தெரியுமா? நீதான பத்து வருசமும் அதுக்கு மேலயும் படிச்ச. தினம் அது முன்னாலதான நிக்க. ஒரு நா, ஒரே ஒரு நா, எம்மா இதுல இப்பிடிப் போட்டிருக்குன்னு சொன்னியா?"

உலகு காலையிலிருந்து யார் யாரையோ பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், புகை விட்டவனை, வேதியியல் சாரை, நர்ஸை, அம்மாவை. இந்தக் கேள்விக்குப் பிடித்து நிறுத்த அவளிடம் வேறு யாரும் இல்லை. அம்மா களை பறிக்கும்போது கீரையோ என்று சந்தேகம் வந்தால்கூட மேடம் இதைப் பறிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பறிக்கிறவள். கேட்டிருப்பாள். போர்டில் விஷயம் இருப்பது தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். அவளுக்கு அது ஒரு தகரம். வெயிலில் பளபளக்கிற தகரம். உலகுவுக்கு அது எழுத்து, பார்த்ததும் தானாகப் படித்துவிடுகிற எழுத்து, அதனால்தான் சொல்லத் தோன்றவேயில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. எழுதிவைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் பக்கம் தானும் எப்போது போய்ச் சேர்ந்தோம் என்று உலகுவுக்குத் தெரியவில்லை.

கேட் பக்கம் ஹாரன் அடித்தது. ஜீப் செம்மண் பாதையில் திரும்பி, வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. முன் சீட்டில் பெரிய சார், பின்னால் மேனேஜர். கூண்டு வாசலில் அக்கா எழுந்து நின்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா இடுப்பிலிருந்து சேலையை இறக்கிவிட்டு, கையைத் தண்ணீரில் அலசி, தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். வேலையை விட்டு நிறுத்தப்படுவதற்குக்கூட ஒழுங்காக நிற்க வேண்டும் என்று நினைக்கிறவள். அதைப் பார்த்ததும் உலகுவுக்குள் எஞ்சியிருந்த கோபம் முழுதும் கால்களுக்கு இறங்கியது. வரப்பில் நடக்கவில்லை, வயலுக்குள்ளேயே விழுந்து ஓடினாள், சேறு முகம் வரைக்கும் தெறிக்க. பின்னால் அம்மா, "ஏட்டி, மூதி, பயிர மிதிக்காத!" என்று கத்தினாள். ஜீப் நின்று, சார் ஒரு காலை இறக்கி, மறு காலை இறக்குவதற்குள் உலகு அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"சார், மூணு கூண்டுலயும் யூரியா போட்டது எங்கம்மா. பேரு முப்புடாதி. அவுகளுக்குப் படிக்கத் தெரியாது. உங்க போர்ட இங்க ஒருத்தரும் அவுகளுக்கு வாசிச்சுக் காட்டல. எனக்குப் படிக்கத் தெரியும், நானும் வாசிச்சுக் காட்டல. யாரையாவது கேட்டுல நிறுத்தணும்னா எங்க எல்லாரையும் சேத்து நிறுத்துங்க."